இடமாற்றத்தின் எழுதப்படாத செலவு

அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் தலைமையகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் ஜங்ஷன் என்ற சிறு நகரத்துக்கு மாற்றப்போவதாக 2019 ஜூலையில் அறிவிப்பு வந்தது. சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. அந்தப் பணியகத்தின் பொறுப்பில் உள்ள சுமார் 24.5 கோடி ஏக்கர் நிலமும் அநேகமாக முழுவதுமே மேற்கு மாநிலங்களில்தான் இருக்கிறது. நிலம் அங்கே இருக்க, அதை நிர்வகிப்பவர்கள் ஏன் கிழக்குக் கடற்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். மேற்கே போக வேண்டிய பணியிடங்கள் 328. அவற்றில் இருந்தவர்களில் 287 பேர் ஓய்வு பெற்றுக்கொண்டார்கள் அல்லது பணியகத்தை விட்டே விலகினார்கள். இடம்பெயர்ந்தவர்கள் 41 பேர். கிராண்ட் ஜங்ஷனுக்கே போய்ச் சேர்ந்தவர்கள் மூன்றே மூன்று பேர். 2021 செப்டம்பரில் தலைமையகம் மீண்டும் வாஷிங்டனுக்கே வரும் என்று அடுத்த அரசு அறிவித்தது. கட்டடம் திரும்பியது, போனவர்களின் அனுபவம் திரும்பவில்லை.

ஓர் அலுவலகம் இடம் மாறும்போது போடப்படும் கணக்கு எப்படி இருக்கும் என்பது நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். புதிய கட்டடத்தின் வாடகை, முன்பணம், உள் அலங்காரம், கேபிள், ஏ.சி., பேக்கர்ஸ் நிறுவனத்தின் பில் எல்லாம் அதில் வரும். சதுர அடிக்கு எவ்வளவு மிச்சம் என்ற எண் கடைசி வரியில் தடித்த எழுத்தில் நிற்கும். ஊழியர் கூடுதலாகப் பேருந்தில் உட்காரும் நேரமும், பாதியில் மாற்ற வேண்டிய பிள்ளையின் பள்ளியும், கணவனோ மனைவியோ விட வேண்டிய வேலையும் அதில் வராது. இவை செலவே ஆகாதவை என்பதால் விடுபடவில்லை. முடிவெடுப்பவரின் பையிலிருந்து போகாத செலவுகள் என்பதால் விடுபடுகின்றன. பிறர் தலையில் விழும் செலவு எப்போதுமே மலிவாகத் தெரியும். அப்படி மலிவாகத் தெரிவதால்தான் அலுவலக இடமாற்றங்கள் இவ்வளவு எளிதாக முடிவாகின்றன, இவ்வளவு அடிக்கடி தவறாகவும் போகின்றன. ஊழியர் சுமக்கும் செலவைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதாதவரை எந்த நிர்வாகமும் தான் எடுக்கும் முடிவு என்னவென்று தெரிந்து எடுப்பதாகச் சொல்ல முடியாது.

அந்தச் செலவு ஊழியரோடு நின்றுவிடுவதும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து வேறு பெயரில் நிறுவனத்துக்கே திரும்பி வருகிறது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இதற்குத் தெளிவான சான்று. லண்டனில் குவிந்து கிடக்கும் அரசுப் பணியிடங்களில் 20,000-ஐ மற்ற பகுதிகளுக்கு அனுப்ப வேண்டும் என்று 2004-இல் சர் மைக்கேல் லயன்ஸ் அறிக்கை பரிந்துரைத்தது. அதையொட்டிப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைமையகம் வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்டுக்குப் போனது. லண்டன் ஊழியர்களில் பத்தில் ஒன்பது பேர் உடன் போகவில்லை. நாட்டின் பொருளாதாரப் புள்ளிவிவரங்களை ஆய்வுசெய்து 2016-இல் அறிக்கை தந்த பேராசிரியர் சார்லஸ் பீன், அந்த நிபுணத்துவ இழப்பு அலுவலகத்தின் திறனையும் புள்ளிவிவரங்களின் தரத்தையும் கணிசமாகப் பாதித்தது என்று எழுதினார். இடமாற்றம் நடந்து பல ஆண்டுகள் கழித்தும் அதன் விலையை ஒரு நாடு கொடுத்துக்கொண்டிருந்தது. தேசிய வருமானக் கணக்கில் ஒரு எண்ணை ஏன் இப்படித் திருத்துகிறோம், எந்தத் தொழில்துறையின் தகவலை எவ்வளவு நம்பலாம் என்பது போன்ற அறிவு கையேடுகளில் முழுமையாக இருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து மேசையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு நடுவில் அது இருக்கிறது. அவர்கள் கலைந்தால் அதுவும் கலைந்துவிடும்.

இடம் மாறுவதே உற்பத்தியைக் கெடுக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது பிழை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர்கள் முதலில் அலுவலகத்துக்கு அருகில் இருந்தபடி வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். பின்னர் நாட்டின் எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம் என்ற அனுமதி அவர்களுக்குக் கிடைத்தது. ஹார்வர்டின் பிருத்விராஜ் சௌத்ரியும் சக ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு அவர்களின் பணி வெளியீடு 4.4 விழுக்காடு கூடியது. இங்கும் ஆட்கள் ஊர் மாறினார்கள், சிலர் வெகுதூரம் போனார்கள். ஆனால் எங்கே போவது, எப்போது போவது, யாரோடு போவது என்று கணக்குப் போட்டவர்கள் அவர்களே. தன் குடும்பத்தின் செலவு என்ன என்பது அவரவருக்கு மிகச் சரியாகத் தெரியும். அந்த அறிவு முடிவுக்குள் வந்தால் இடமாற்றம் பலன் தருகிறது, வெளியே நிறுத்தப்பட்டால் 328-இல் 41 ஆகிறது.

சென்னைக்கு வருவோம். நுங்கம்பாக்கத்திலோ கிண்டியிலோ இருக்கும் ஒரு நிறுவனம் வாடகை குறையும் என்று பழைய மகாபலிபுரம் சாலைக்கு, அதிலும் சிறுசேரி சிப்காட் வரைக்கும் போவதாக முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அம்பத்தூரிலிருந்து சிறுசேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிப்காட் வரை வரவேண்டிய மெட்ரோ ரயில் இன்னும் பணி நடக்கும் பாதை. ஓர் ஊழியருக்குப் போக முக்கால் மணி, வர முக்கால் மணி கூடுகிறது என்று மிதமாகவே எடுத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 240 வேலைநாளில் அது 360 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 45 நாள். நிறுவனத்தில் 500 பேர் என்றால் 1,80,000 மணி நேரம். இந்த எண் எந்த இயக்குநர் குழுவின் மேசைக்கும் போவதில்லை. நிறுவனம் பஸ் விடுகிறதே என்பார்கள். பஸ் கட்டணத்தை மிச்சப்படுத்தும், நேரத்தை மிச்சப்படுத்தாது. பக்கத்தில் நாவலூரிலோ கேளம்பாக்கத்திலோ வீடு பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். வீட்டு அட்வான்ஸையும் தரகர் கமிஷனையும் யார் கட்டுவது என்பது முதல் கேள்வி. துணைவர் வேலை பார்க்கும் இடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையாக இருந்தால், தூரம் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான வீடுகளில் கடைசியில் வேலையை விடுவது பெண்தான். அந்த ராஜினாமாவில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருக்கும், ஹெச்.ஆர். துறையின் கணக்கில் அது அலுவலக மாற்றத்தின் விளைவாக ஒருபோதும் பதிவாகாது.

நகரம் மாறாமல், கட்டடமும் மாறாமல், இருக்கை மட்டும் மாறும்போதும் இதே கதைதான் சிறிய அளவில் நடக்கிறது. தனி அறைகளை உடைத்துத் திறந்த கூடமாக்குவது, சொந்த மேசை என்று எதையும் வைக்காமல் காலையில் வருபவர் காலியான இடத்தில் உட்கார்ந்துகொள்வது ஆகிய இரண்டும் ஒரே ஆசையில் பிறந்தவை. நூறு பேருக்கு அறுபது, எழுபது இருக்கை போதும் என்றால் வாடகையில் கண்ணுக்குத் தெரியும் மிச்சம் கிடைக்கிறது. திறந்த கூடத்தில் ஆட்கள் அதிகம் பேசிக்கொள்வார்கள், புதிய எண்ணங்கள் பிறக்கும் என்ற விளக்கமும் கூடவே வரும். ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீஃபன் டர்பன் என்ற இருவர், இரண்டு பெருநிறுவனத் தலைமையகங்களில் இத்தகைய மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஊழியர்கள் உடலில் அணிந்த உணர்கருவிகள் மூலம் அளந்து பார்த்து 2018-இல் எழுதினார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்குப் பதிலாக மின்னஞ்சலும் கணினிச் செய்தியும் கூடியிருந்தன. எல்லோரும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனக்கு ஒரு சுவரைத் தானே எழுப்பிக்கொள்கிறார். அளக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை பெரிதல்ல என்பதால் அந்த 70-ஐ எல்லா அலுவலகத்துக்கும் ஒட்டவைக்கக் கூடாது. திறந்த கூடம் என்றாலே உரையாடல் பெருகும் என்ற வாதத்தை இனி யாரும் சோதிக்காமல் சொல்லக் கூடாது என்பதற்கு அது போதும்.

யார் பக்கத்தில் யார் என்பது சின்ன விஷயம் அல்ல. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தாமஸ் ஆலன், பொறியாளர்களின் மேசைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அவர்கள் வேலை தொடர்பாகப் பேசிக்கொள்ளும் வாய்ப்பையும் ஒப்பிட்டு 1977-இல் ஒரு நூல் எழுதினார். தூரம் கூடக்கூடப் பேச்சு செங்குத்தாகக் குறைகிறது. சுமார் 30 மீட்டரைத் தாண்டினால் மிகவும் சொற்பமாகிவிடுகிறது. அப்படியென்றால் அட்மின் பிரிவில் ஒருவர் எக்ஸெல் தாளில் பெயர்களை இடம் மாற்றிப் போடும்போது, யார் யாரோடு பேசப்போகிறார்கள் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார். அவருக்கு அந்தப் பொறுப்பு தரப்பட்டிருக்கிறதா? அவருக்கு அது தெரியுமா? காலியிடம் எத்தனை, தலை எத்தனை என்ற இரண்டு எண்களை மட்டுமே கையில் கொடுத்து அந்த வேலையைச் செய்யச் சொல்கிறோம். பார்வையற்ற ஊழியர் ஒருவர் மின்தூக்கியிலிருந்து தன் மேசைக்கு எத்தனை எட்டு என்று பழகி வைத்திருப்பார். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளமும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு மூலை பொருத்தமாக இருக்கும். தினம் ஓர் இருக்கை என்ற ஏற்பாடு இவர்களுக்கு ஒவ்வொரு காலையும் ஒரு தேர்வு. மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் சொல்கிறது. இருக்கை வரைபடம் தயாராகும் அறையில் அந்தச் சட்டத்தை யாராவது எடுத்துப் பேசியாக வேண்டும்.

நம் சட்டமும் நீதிமன்றங்களும் இந்த விஷயத்தில் நிர்வாகத்துக்குப் பெரிய வெளியை விட்டிருக்கின்றன. பணியிட மாறுதல் என்பது பணியின் ஓர் அங்கம், அதை எதிர்த்து ஊழியருக்கு உரிமை இல்லை என்பதே பல பத்தாண்டுகளாக உச்ச நீதிமன்றத்தின் பொது நிலைப்பாடு. தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்து வேறு பதவிகளுக்கு மாற்றப்பட்ட இ.பி.ராயப்பா தொடுத்த வழக்கில், 1973 நவம்பரில் வந்த தீர்ப்பு தன்னிச்சையான அதிகாரம் சமத்துவத்துக்கே எதிரி என்ற கோட்பாட்டை இந்தியாவுக்குத் தந்தது. ஆனால் ராயப்பா வழக்கில் தோற்றார். உள்நோக்கத்தை நிரூபிக்க முடியவில்லை. தண்டனைக்குப் பதிலாக மாறுதல் போடுவது செல்லாது என்று 2008-இல் சோமேஷ் திவாரி வழக்கில் நீதிமன்றம் சொன்னது. நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் தீய நோக்கத்தோடு தொழிலாளரை இடமாற்றுவதை நியாயமற்ற நடைமுறை என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பட்டியலிட்டது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் அதை வைத்திருக்கிறது. இவை எல்லாமே கெட்ட எண்ணத்தைத் தண்டிப்பவை. நல்ல எண்ணத்தோடு, ஆனால் பிறர் செலவை எண்ணிப் பார்க்காமல் எடுக்கும் முடிவை இவை தொடுவதில்லை. அன்றாடம் நடப்பது பெரும்பாலும் அதுதான். ஊதியம், வேலைநேரம், படிகள் முதலியவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்னும் சட்டப் பட்டியலில் அலுவலகத்தின் முகவரி இல்லை. மத்திய அரசு விதிகளில் மாறுதல் மானியமாக அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடு தருகிறார்கள். 20 கிலோமீட்டருக்குள் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் வீடு மாறினால்தான். வீட்டை மாற்ற முடியாமல் தினம் அலைபவருக்கு அந்த விதியில் இடமே இல்லை. அரசாவது இப்படி ஒரு கோடு கிழித்திருக்கிறது. தனியார் நிறுவனம் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனால் அதை யாரும் மாறுதல் என்றுகூடச் சொல்வதில்லை.

செலவை எண்ணி, அதை அரசே ஏற்றுக்கொண்ட ஓர் இடமாற்றம் நம் பக்கத்து மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம். 2014-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம் ஹைதராபாத்தைப் பத்தாண்டு வரை ஆந்திரம், தெலங்கானா ஆகிய இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராக வைத்திருந்தது. ஆந்திர அரசு அவ்வளவு காலம் காத்திருக்காமல் 2016-இலேயே தலைமைச் செயலகத்தை அமராவதிப் பகுதியின் வெலகபூடிக்குக் கொண்டுபோனது. ஹைதராபாத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் கிளம்ப வேண்டியிருந்தது. ஊழியர் சங்கங்கள் எதிர்ப்பும் தெரிவித்தன, பேசவும் செய்தன. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை, 30 விழுக்காடு வீட்டு வாடகைப் படி, குடும்பத்தை விட்டு வருபவர்களுக்கு இலவசத் தங்குமிடம் கிடைத்தன. விஜயவாடாவுக்கும் ஹைதராபாத் பக்கத்துக்கும் இடையே ஓர் இன்டர்சிட்டி ரயிலும் விடப்பட்டது. இவற்றையெல்லாம் விட முக்கியமானது வேறொன்று. கல்வியிலும் வேலையிலும் 'உள்ளூர்வாசி' என்ற தகுதிக்கு அந்த மாநிலங்களில் பெரிய எடை உண்டு. ஹைதராபாத்தில் படித்த பிள்ளை ஆந்திரத்துக்கு வந்தால் வெளியூர்ப் பிள்ளையாகிவிடுமே என்ற பயம் பெற்றோருக்கு இருந்தது. குறித்த காலத்துக்குள் இடம்பெயர்பவர்களை ஆந்திரத்தின் உள்ளூர்வாசிகளாகவே கொள்ளலாம் என்று, அந்தத் தகுதியை வரையறுக்கும் குடியரசுத் தலைவரின் ஆணையையே 2016-இல் திருத்தினார்கள். எந்த வாடகைக் கணக்கிலும் இந்தப் பயம் வந்திருக்காது. கேட்டதால் தெரிந்தது.

அந்த ஏற்பாட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஓராண்டுக்கு என்று தரப்பட்ட ஐந்து நாள் வாரம் ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டது. வெள்ளி மாலை ஹைதராபாத் ரயிலேறுவது பலருக்குப் பழக்கமாகவே நிலைத்தது. 2019-இன் இறுதியில் மூன்று தலைநகரத் திட்டம் வந்து, செயலகம் விசாகப்பட்டினத்துக்குப் போகும் என்ற பேச்சு கிளம்பியது. 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. நிலை தெரியாமல் கழியும் இரண்டு ஆண்டுகளும் ஊழியருக்குச் செலவுதான்; அந்தக் காலத்தில் வீடு வாங்க மாட்டார், பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்கத் தயங்குவார். நம் செயலகமும் 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய கட்டடத்துக்குப் போய், 2011-இல் கோட்டைக்கே திரும்பியது. அந்தக் கட்டடம் மருத்துவமனை ஆவது சரியா தவறா என்று தமிழ்நாடு நெடுங்காலம் விவாதித்தது; கோப்புகளையும் வேலைகளையும் ஓராண்டில் இருமுறை சுமந்தவர்களுக்கு அதில் அதிக இடம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் எண்ண ஆரம்பித்தால் எந்த அலுவலகமும் எங்கும் நகராது என்பது முதல் எதிர்ப்பு. இதில் உண்மை இருக்கிறது. தலைநகரங்களில் குவிந்த வேலையைச் சிறு ஊர்களுக்குப் பகிர்வது நியாயமான பொதுநோக்கம். நியூபோர்ட்டுக்கு வந்த வேலைவாய்ப்பு அந்த ஊருக்கு உண்மையான நன்மை. ஒரே நாற்காலியில் நெடுநாள் இருப்பவர் ஊழலுக்கு ஆட்படுவார் என்பதால்தான் பணம் புழங்கும் அரசுப் பதவிகளில் சுழற்சி மாறுதல் வைத்திருக்கிறார்கள். அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். செலவை எழுதுவது போகாதே என்று சொல்வதாகாது. எழுதிய பிறகும் போகலாம். பத்தில் ஒன்பது பேர் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் புள்ளியியல் அலுவலகம் ஐந்தாண்டில் மெல்ல மாறியிருக்கலாம், ஒரு பிரிவை லண்டனிலேயே வைத்திருக்கலாம், புதியவர்களைப் பழையவர்களின் பக்கத்தில் இரண்டு ஆண்டு உட்காரவைத்திருக்கலாம்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது. கேட்க ஆரம்பித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள், செல்வாக்குள்ளவர் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொள்வார், வாயில்லாதவர் கழிப்பறைப் பக்கம் போவார் என்கிறார்கள். கேட்கும் விதம் சரியில்லாவிட்டால் அப்படித்தான் நடக்கும். அதற்கு மருந்தாக நம்மிடமே ஒரு பழகிய முறை இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பொது மாறுதல் கலந்தாய்வில் காலிப் பணியிடப் பட்டியலும் முன்னுரிமை வரிசையும் வெளியாகின்றன. வரிசைப்படி ஒவ்வொருவரும் இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். எல்லோருக்கும் கேட்ட இடம் கிடைப்பதில்லை. ஆனால் தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அதைப் பற்றிய குறைகளும் வரிசை திறந்திருப்பதால் எழுந்தவை அல்ல. காலியிடத்தை மறைப்பதாலும் 'நிர்வாக மாறுதல்' என்று கலந்தாய்வுக்கு வெளியே ஆணை போடுவதாலும் எழுந்தவை. நூறு இருக்கை கொண்ட ஒரு தளத்துக்கு இதே முறையைச் சுருக்கிப் பயன்படுத்த ஒரு வாரம் போதும். எந்தக் குழு எந்தப் பக்கம் என்பதை நிர்வாகம் சொல்லட்டும், அந்தப் பக்கத்துக்குள் யார் எங்கே என்பதைக் குழு தீர்மானிக்கட்டும். எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010-இல் வெளியிட்ட சோதனைகளில், தம் பணியிடத்தைத் தாமே ஒழுங்குபடுத்தியவர்கள் வெறும் மேசையில் உட்காரவைக்கப்பட்டவர்களைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதலாக வேலை செய்தார்கள். ஒழுங்குபடுத்தவிட்டு, பிறகு மேலிடம் வந்து அதைக் கலைத்துப் போட்டபோது அந்த ஆதாயம் மறைந்துவிட்டது. கருத்துக் கேட்டுவிட்டு அதைக் குப்பையில் போடுவது கேட்காமலே இருப்பதைவிட நல்லதல்ல.

கட்டட ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ரகசியம் காக்க வேண்டும், முன்கூட்டிச் சொன்னால் வாடகை ஏறிவிடும் என்று மூன்றாவதாக ஒரு காரணம் சொல்லப்படுகிறது. கையெழுத்தாகும்வரை என்பது ஏற்கத்தக்கது. ஆனால் கணக்குப் போட யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. ஊழியர்களின் வீட்டு முகவரி ஹெச்.ஆர். துறையிடம் இருக்கிறது, கேப் ஏறும் இடங்களின் பட்டியல் போக்குவரத்துப் பிரிவிடம் இருக்கிறது. புதிய இடத்துக்கு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் கூடும், ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுபவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருடைய இடத்தை நிரப்ப ஆறு மாதம் ஆகும் என்பதை ஒரு பிற்பகலில் எடுத்துவிடலாம். இரண்டு கட்டடங்களில் எது மலிவு என்ற விடையே அதில் மாறிவிடக்கூடும். கையெழுத்தான மறுநாள் ஊழியர்களிடம் சொல்லிவிட வேண்டும். இப்போது பல இடங்களில் கையெழுத்துக்கும் அறிவிப்புக்கும் நடுவே மாதங்கள் ஓடுகின்றன. வெள்ளிக்கிழமை மாலை ஒரு மின்னஞ்சல் வரும், திங்கள் முதல் புதிய இடம். தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறக்கிறது, சேர்க்கையும் வீடு மாறுவதும் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கின்றன. அக்டோபரில் அலுவலகத்தை மாற்றும் நிர்வாகம் ஒவ்வொரு குடும்பத்தையும் எட்டு மாதம் இரண்டாக உடைக்கிறது. அதையே மே மாதத்துக்குத் தள்ளிவைத்தால் பழைய கட்டடத்துக்குச் சில மாத வாடகை கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொகையை நிறுவனமே கட்டட்டும், தன் கணக்கிலேயே எழுதிக்கொள்ளட்டும்.